மூன்று நிமிடத்தில் முடியாத பக்கம்

டாபின்ஸ் கிராசிங், அலபாமா

அன்பு மகன் லமாருக்கு,

இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். இதுவரை உனக்கு வந்ததெல்லாம் நான் சொல்லச் சொல்லத் தேவாலயச் சபைப் பெண்கள் எழுதித் தந்தவை. இது நானே எழுதுவது. சிறையில் கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பவருக்கும் என் வணக்கம். அவரும் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கட்டும்.

நான் நலம். பெக்கான் மரம் கிளை தாழக் காய்த்திருக்கிறது. உன் மகள் ஜனெலுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதைக் காட்டியே சிரிக்கிறாள்.

அவள் பள்ளி நூலகத்தில் ஒரு கதைப் புத்தகம். அதில் ஒரு சிறுமி, அவள் அப்பா சிறையில். நீ கப்பலில் வேலை செய்வதாகத் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்த ஜனெல், அதைப் படித்தபின் நிறுத்திவிட்டாள். நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் படித்தோம். முதியோர் வகுப்பில் சேர்ந்தபின் நான் முழுதாகப் படித்த முதல் புத்தகம் அதுதான்.

பிறகு அதை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று பர்சல் என்கிற ஒரு தாய் புகார் செய்திருந்தாள். ஜனெல் மறுபடியும் கப்பல் கதைக்குப் போய்விட்டாள். "நம்ம கதை கெட்ட கதையா தாத்தா?" என்று கேட்டாள்.

அதனால் பள்ளிக் குழுவின் கூட்டத்துக்குப் போனேன். பேச ஆளுக்கு மூன்று நிமிடம். எனக்குப் பேச வராது, ஒரு பக்கம் வாசிக்கிறேன் என்று அவர்கள் மேசைமேல் இருந்த புத்தகத்தையே கேட்டு வாங்கினேன். சிறையில் பார்க்கப் போகும்போது அப்பாவும் மகளும் நடுவிலுள்ள கண்ணாடித் தடுப்புக்கு இருபுறமும் கை வைக்கும் பக்கம். கதையில் கை கண்ணாடியைத் தொடுமுன் என் நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது.

அடுத்துப் பேச வேண்டியவள் பர்சல் அம்மாள். எழுந்து, "படிச்சு முடிங்க பெரியவரே, என் நேரத்த எடுத்துக்கங்க. அதுக்காக மனசு மாறிட்டேன்னு நெனச்சுடாதீங்க" என்றாள். பின்னாலிருந்து ஒருவர், இவர் வேகத்துக்குத் தன் நேரமும் வேண்டியிருக்கும் என்றார். நானும் சிரித்துவிட்டேன். சிரித்துவிட்டு முடித்தேன்.

புத்தகம் திரும்பி வந்துவிட்டது. வீட்டார் கையெழுத்திட்டால் பிள்ளைகள் எடுத்துப் போகலாம். பர்சல் அம்மாள் தன் மகளுக்குப் போடவில்லை. அது அவள் உரிமை. ஆனால் அன்று கிளம்பும்போது என் மேல்கோட்டை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

ஜனெலுக்கு என் கையெழுத்தே செல்லும். புதிதாகப் பழகியவன், ஆசையாகப் பேனாவை எடுத்தேன். "அப்பா போடட்டும்" என்று அனுமதித் தாளை இழுத்துக்கொண்டாள். இத்துடன் வைத்திருக்கிறேன். பெயரைத் தெளிவாக எழுது, மகனே. வகுப்பில் எல்லோருக்கும் காட்டப்போகிறாளாம்.

அடுத்த வாரமும் எழுதுவேன்; இன்றே தொடங்கினால்தான் முடியும். கர்த்தர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் அப்பா,
ஈஸல்