நம் கூடத்துச் சுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்திருந்தால் அண்ணனிடம் வாய்திறந்து கேளுங்கள். நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் உள் அலங்காரம் செய்துவந்த கடலோர வீடு முடிந்துவிட்டது. கடலோரம் என்றாலே எல்லோரும் வெள்ளையும் நீலமும்தான் கேட்பார்கள். நானோ சுற்றிய ஊர்களின் நிறங்களையெல்லாம் அள்ளிக் கொட்டிவிட்டேன். கூடத்துக்கு ஒரு சந்தையில் குவிந்திருந்த மஞ்சள்தூளின் நிறம். படுக்கையறைக்கு ஒரு துறைமுகத்துப் படகுகளின் பச்சை. வீட்டுக்கார அம்மாள் அறை அறையாகப் பார்த்தார்.

"என் கண்ணே பட்டுடும் போலிருக்கும்மா. இதுல உங்க வீட்டுக் கலர் எது?" என்றார்.

எனக்கு ஞாபகம் வரவில்லை அப்பா. எங்கெங்கோ பார்த்த கதவுகளெல்லாம் கண்ணில் நிற்கின்றன, நம் கூடத்துச் சுவர் மட்டும் தெரியவில்லை. "இந்தப் பச்சைதாம்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். பெயிண்ட் நெடியில் கண் எரிந்தது, வேறொன்றுமில்லை.

நம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். நான் வரும்வரை பொறுக்க முடியுமா? முடியாதென்றால், அடிப்பதற்கு முன் கூடத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் அண்ணனை. பகல் வெளிச்சத்தில் எடுக்கட்டும். நீங்களும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். சுவர் மறைந்தால் மறையட்டும்.

அடுத்த ஊருக்குப் போக வாசலில் வண்டி வந்துவிட்டது, வருகிறேன்.

உங்கள்
சின்னக்குட்டி