பூவோடு போன ஒரு வார்த்தை

மார்ச் 3, செவ்வாய்

மாவுக்கட்டு போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். ஆறு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கடையில் மேல் தட்டிலிருந்து ஒரு கண்ணாடி ஃபிரேமை எடுக்க ஏணியில் ஏறினேன். இறங்கும்போது கடைசிப் படி ஒன்று பாக்கி இருந்ததைக் கவனிக்கவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிடுகிறவள் நான். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பதினொரு மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். குரலை அடக்கிப் பேசும்போதே புரிந்துவிட்டது, அக்காவுக்குத் தெரியாமல் செய்கிறாள். “சித்தி, அம்மாவுக்கு ஹார்ட்ல வால்வு மாத்தணுமாம். பதிமூணாம் தேதி ஆபரேஷன். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க. நான் சொல்லலை, சரியா?”

பயப்படும்படி இருக்கிறதா என்று கேட்டேன். “நூத்துக்குத் தொண்ணூறு நல்லபடியா முடியும்னு டாக்டர் சொல்றார்” என்றாள். மீதி பத்தைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

எட்டு வருஷமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவள். அந்தப் பத்தில் ஒருத்தியாகிவிட்டால்? நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 4, புதன்

தூக்கமில்லை. எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது ஒரு சனிக்கிழமை காலை. நான் அக்காவுக்கு உடனே சொல்லவில்லை. சரியாகிவிடும் என்று நினைத்தேன், எதற்கு அவளைக் கலவரப்படுத்த வேண்டும் என்று. சாயந்தரம்தான் போன் செய்தேன். அவள் எடுக்கவில்லை. அவளுடைய பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் போன் போட்டு, உடனே கிளம்பி வரச் சொல்லுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மாவுக்கு நினைவு இருந்தது. கதவு திறக்கும்போதெல்லாம் “பெரியவளா?” என்று கேட்டார்கள். நர்ஸ் வந்தாலும் அதே கேள்வி. திங்கட்கிழமை விடியும்போது போய்விட்டார்கள்.

அக்கா செவ்வாய்க்கிழமை வந்தாள், எல்லாம் முடிந்த பிறகு. உறவுக்காரர்கள் நிறைந்த வீட்டில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள்: “எனக்குச் சொல்லவே இல்லை. நாள் கடத்தி, கடைசி முகம்கூடப் பார்க்க விடாம பண்ணிட்டா.”

பக்கத்து வீட்டு அம்மாள் சொல்ல மறந்திருப்பாள். ஆனாலும் காலையிலேயே நான் போன் செய்திருந்தால்? மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பிரிக்காமலே திரும்பி வந்தன. முப்பது வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவள் ஆயிற்றே, திருப்பி அனுப்புவது அவளுக்குக் கைவந்த கலை.

மார்ச் 6, வெள்ளி

யோசனை அக்கா மகளுடையது. “பழம் அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க சித்தி. பூவைத் திருப்பி அனுப்ப மனசு வராது, போற வழியிலேயே வாடிடும்ல” என்றாள். கெட்டிக்காரி.

அக்கா இருப்பது ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். நாலு தெரு, ஒரு படகுத்துறை. சத்தமாகத் தும்மினால் அடுத்த தெருவில் யாரென்று கேட்பார்கள். அங்கே இருக்கும் ஒரே பூக்கடையின் நம்பரை அவளே கொடுத்தாள். பூக்கடைக்காரர் ஏரிக்கு அந்தப் பக்கம் நிற்பவரைக் கூப்பிடுவதுபோலப் பேசுகிறார். பின்னால் காற்று வேறு ஊ ஊ என்கிறது.

“சந்தோஷத்துக்கா, துக்கத்துக்கா?” என்றார்.

“ரெண்டுக்கும் நடுவுல” என்றேன்.

“அப்ப வெள்ளையும் மஞ்சளும் கலந்து கட்டிடறேன். கார்டுல என்ன எழுத?”

இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்த பெரிய பெரிய வாக்கியமெல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கேயோ போய்விட்டன. சின்ன வயதில் அவளுடைய பேனாவை உடைத்துவிட்டுப் பின்னாலேயே சுற்றிக்கொண்டு கெஞ்சுவேனே, அதுதான் வாயில் வந்தது. “‘அக்கா, மன்னிச்சிடேன்.’ அவ்வளவுதான். கீழே ‘சின்னவள்’னு போடுங்க.”

“எழுதிட்டேன்மா. திங்கட்கிழமை நானே சைக்கிள்ல கொண்டுபோய்க் குடுத்துடறேன்.”

மார்ச் 8, ஞாயிறு

நாளைக்கு. வேறு ஒன்றிலும் மனம் ஓடவில்லை. மோட்டாரும் குழாயும் பார்க்கும் வேலை என் வீட்டுக்காரருக்கு, வீட்டுக்கு வந்தாலும் அதே நினைப்புதான். “பூதானே அனுப்பினே, குண்டா அனுப்பினே?” என்கிறார்.

மார்ச் 9, திங்கள்

குண்டுதான் அனுப்பியிருக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் பூக்கடைக்காரர் போன் செய்தார். “குடுத்தாச்சும்மா. வாசல்லயே நின்னு கார்டைப் படிச்சாங்க. ரெண்டு தடவை படிச்சாங்க. ஒரு வார்த்தை பேசாம உள்ளே போயிட்டாங்க, ஆனா பூவை எடுத்துக்கிட்டுத்தான் போனாங்க.” அதோடு அவர் போனை வைத்திருக்கலாம். “நீங்க சொன்ன மாதிரியே ‘அக்கா, மன்னிச்சிட்டேன்’னு கொட்டை எழுத்துல எழுதினேன்” என்றார்.

என்ன எழுதினீர்கள் என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் சொன்னார்.

“மன்னிச்சிடேன்னுதானே சொன்னேன்? ட் இல்லாம?”

“சிடேன்னுதான் காதுல விழுந்துச்சு. காத்துல ஒரு எழுத்து விட்டுப்போச்சு போலன்னு நான்தான் சரி பண்ணினேன். உங்க குரலைக் கேட்டா கெஞ்சுற ஆள் மாதிரி இல்லையேம்மா.”

சரி பண்ணினாராம். நான் கெஞ்சுகிற ஆள் மாதிரி இல்லையாம். ஒரே ஒரு ட். எட்டு வருஷம் காலில் விழாத குறையாகக் காத்திருந்துவிட்டு, நெஞ்சைக் கிழிக்கப்போகிற நேரத்தில் அவளுக்கு ‘உன்னை மன்னிச்சிட்டேன்’ என்று பூ அனுப்பியிருக்கிறேன். யாருடி நீ என்னை மன்னிக்கிறதுக்குன்னு கேப்பாளே. கேக்கட்டும், கேக்கத்தானே செய்யணும். ஐயோ, நான் என்ன பண்ணுவேன்.

மார்ச் 10, செவ்வாய்

பூக்கடைக்காரர் வேறு கார்டு எழுதி எடுத்துக்கொண்டு போனார். பாவம், அவருக்கும் மனசு கேட்கவில்லை. அக்கா கதவைத் திறக்கவில்லை. கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தாராம். மதியம் காற்றில் அது தெருவில் கிடந்ததைப் பார்த்து, அவரே எடுத்து வைத்துக்கொண்டாராம்.

அக்கா மகள் தான் வேலை பார்க்கும் படகுத்துறை ஆபீசிலிருந்து பேசினாள். “என்ன சித்தி எழுதினீங்க? நேத்துலேர்ந்து அம்மா சாப்பிடலை. கார்டைத் தலகாணிக்குக் கீழே வெச்சிருக்காங்க, கேட்டா முறைக்கிறாங்க. பி.பி. ஏறிடுச்சு. இப்படியே இருந்தா ஆபரேஷனைத் தள்ளிப்போடணும்னு டாக்டர் சொல்றார். தள்ளிப்போடவும் கூடாதாம்.”

எழுத்துப் பிழை, நான் அப்படிச் சொல்லவில்லை, அம்மாவிடம் சொல் என்றேன். “உங்க பேரை எடுத்தாலே கையைக் காட்டி நிறுத்திடறாங்க சித்தி” என்றாள்.

என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வையுங்கள் என்று இவரிடம் சொன்னேன். “எட்டு மணி நேரப் பயணம். கால்ல எலும்பு நகர்ந்தா அப்புறம் ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்லதான் படுக்கணும்” என்றார். கோபத்தில் தண்ணீர் டம்ளரைத் தள்ளிவிட்டேன். அதைத் துடைக்கக்கூட என்னால் குனிய முடியவில்லை. இவர்தான் துடைத்தார்.

மார்ச் 11, புதன்

ஒன்றும் தகவலில்லை. நானே அவளைக் கொன்றுவிடுவேன் போலிருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

சாயந்தரம் நாலு மணி. போனில் அக்கா மகள் பெயர் வந்தது. எடுத்தால் அக்கா.

எட்டு வருஷத்துக்கு அப்புறம் அந்தக் குரல். மூச்சு வாங்கியது. “ஆஸ்பத்திரியில சேர்த்தாச்சு. நாளைக்குக் காலையில. இப்ப சொல்லு, உனக்கு எப்பத் தெரியும்?”

“அக்கா, அந்தக் கார்டுல வந்து...”

“நடுவுல பேசாதே. பேசினா என்னால சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரி உன்கிட்ட சொல்லிட்டாளா? அவ செத்தே ரெண்டு வருஷம் ஆகுது. அப்ப எவ்வளவு நாளா உனக்குத் தெரியும்?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொல்லிக்கொண்டு போனாள்.

பக்கத்து வீட்டு அம்மாள் சனிக்கிழமை சாயந்தரமே சொல்லிவிட்டாளாம். அக்கா பையில் துணி எடுத்து வைத்தாளாம். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாளாம். “அம்மா படுத்துட்டா யார் பார்த்துக்கிறதுன்னு ஒரு பேச்சு வரும். நீ வேலைக்குப் போறவ, நான் அப்ப நீள லீவுல வீட்டுல இருந்தவ. என் தலையில கட்டிடுவீங்கன்னு பயந்துட்டேன். ஒரு நாள் பார்த்துட்டுப் போகலாம்னு இருந்தேன். திங்கட்கிழமை செய்தி வந்ததும் காலே எழும்பலை. அங்கே வந்து எல்லாரும் என் முகத்தையே பார்த்தாங்க. உன் மேல பழி போட்டுட்டேன். அப்புறம் அதைத் திருப்பி எடுக்கத் தெரியலை. உன் கடுதாசியெல்லாம் வரும்போது, நீ எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் எழுதுறேன்னு நினைச்சேன். பிரிக்கப் பயமா இருந்துச்சு.”

நான் வாயைத் திறந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாதுக்கா, அது பூக்கடைக்காரர் எழுதின தப்பு என்று சொல்ல வேண்டும். மூன்று நாளாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், வரவேயில்லை.

“நிஜமாவே மன்னிச்சிட்டியா? ஒரு தடவை வாயால சொல்லு. நாளைக்கு எப்படியோ தெரியாது.”

“மன்னிச்சிட்டேன்க்கா.”

அழுதாள். பிறகு, பிரஷர் பார்க்க நர்ஸ் வந்திருக்கிறாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அரை மணி கழித்து அக்கா மகள் மெசேஜ் அனுப்பியிருந்தாள். பி.பி. இறங்கிவிட்டதாம், திட்டப்படி நாளைக்கே ஆபரேஷனாம். ‘சித்தி, என்ன மந்திரம் போட்டீங்க?’ என்று கேட்டிருந்தாள்.

மார்ச் 13, வெள்ளி

எட்டரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இரண்டு மணிக்கு, நல்லபடியாக முடிந்தது என்று செய்தி. இவர் தோளில் சாய்ந்து சத்தம்போட்டு அழுதேன்.

மார்ச் 15, ஞாயிறு

கண் விழித்துவிட்டாளாம். இரண்டு ஸ்பூன் தண்ணீர் குடித்தாளாம். கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே வயிற்றெரிச்சலும் வந்தது.

எட்டு வருஷம். விசேஷத்துக்குப் போன இடமெல்லாம் என்னைப் பார்த்துக் குசுகுசுத்தார்கள், கடைசி முகத்தைக் காட்டாதவள் என்று. ஆமாம், என் தப்புதான் என்று தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு வந்தேனே. கட்டிலில் உட்கார்ந்துவிட்டாளாம். கால் எழும்பவில்லையாம். அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவளா பெரியவளான்னு கேட்டுக்கிட்டே கிடந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? வந்துக்கிட்டே இருக்காம்மா. அதையும் அவள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டாமா? ஆனால் நெஞ்சில் தையல் போட்டுக்கொண்டு படுத்திருப்பவளிடம் எந்த வாயால் சொல்வது?

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “அதான் மன்னிச்சிட்டேன்னு சொல்லிட்டியே” என்றார்.

சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும், அந்த நேரத்தில்?

மார்ச் 24, செவ்வாய்

வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்களாம். தினமும் ஏரிக்கரையில் நூறு அடி நடக்கிறாளாம். அம்மாவிடம் போனைத் தரட்டுமா என்றாள் அக்கா மகள். கையில் வேலை இருக்கிறது என்றேன். மாவுக்கட்டோடு உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

ஏப்ரல் 8, புதன்

கட்டைப் பிரித்து ஐந்து நாள் ஆகிறது. இன்று மூன்று மாடியும் இறங்கிக் கடைவரை போய்விட்டு வந்தேன். வலி அவ்வளவாக இல்லை. அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வரலாம் என்றார் முதலாளி.

மதியம் அக்கா மகள் பேசினாள். “கால் எப்படி இருக்கு சித்தி? அம்மா தினம் கேக்குறாங்க. ஏரி தெரியற ரூமை உங்களுக்குன்னு ஒழிச்சு வெச்சிருக்காங்க. மெத்தைக்குப் புது உறைகூடப் போட்டாச்சு. எப்ப வர்றீங்க?”

“இன்னும் ஊன்ற முடியலை கண்ணு. ரெண்டு மூணு வாரம் ஆகும்னு டாக்டர் சொல்றார்” என்றேன்.

பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள் அக்கா. குரலில் தெம்பு வந்திருக்கிறது. “மெதுவா வரட்டும்னு சொல்லு. நான் எங்கே போயிடப் போறேன்” என்றாள்.

சரி என்றேன். இவ்வளவையும் நின்றுகொண்டேதான் பேசினேன்.