ரம் ஊற்றாத கறுப்புக் கேக்

அன்பு மகன் ஆல்ட்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், டொராண்டோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் ஜெபத்துக்கு உட்காரும்போதெல்லாம் கேட்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது, மலையெல்லாம் காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருக்கிறது, உன் அப்பாவுக்கு முழங்கால் வலி இருந்தாலும் நாலு தந்திக் குவாத்ரோவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பராங் பாடப் போவது மட்டும் நிற்கவில்லை. இந்தக் கிறிஸ்துமஸ் நம் வீட்டில் எப்படிப் போனது என்று ஊரில் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள், உன் அத்தை மெர்லின் உனக்குப் போன் போட்டுத் தன் கணக்கில் ஒன்று சொல்வதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஏன் வரவில்லை என்று நான் சண்டை போட்டபோது நீ சொன்னாயே, "அம்மா, நான் குடிய விட்டுட்டேன், ஆனா அங்க வந்தா கேக்குல ரம், பொன்ச்ல ரம், சோரல்ல ரம், நான் எதைச் சாப்பிட்டு எங்க உட்காருவேன்" என்று. நான் போனை உன் அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். ஆனால் அது மனதை விட்டுப் போகவே இல்லை. நான் பெற்ற பிள்ளைக்கு என் வீட்டில் உட்கார இடம் இல்லையென்றால் அது யாருடைய வீடு? அதனால் ஈஸ்டர் முடிந்ததும், கேக்குக்காக ரம்மிலும் செர்ரி பிராந்தியிலும் பழம் ஊறப்போட்டிருந்த அந்தப் பெரிய ஜாடியை அப்படியே தூக்கிப் போய் மெர்லின் வீட்டு மேசையில் வைத்தேன், இனிமேல் என் வீட்டில் ஒரு சொட்டு கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் அப்போது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள், காரணம் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சொல்வது சுலபம், செய்வது அப்படி இல்லை. உலர்ந்த திராட்சையையும் ப்ரூனையும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டு வழக்கம்போல அலமாரியில் வைத்தேன், அது புளித்து நுரைத்து மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது, விட்டிருந்தால் தானே சாராயமாகியிருக்கும். எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். அப்புறம்தான் பிடிபட்டது, முன்கூட்டி ஊறப்போடவே கூடாது. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது பழத்தை ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்போடு நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் அரைத்து நேரே மாவில் சேர்த்துவிட வேண்டும். ரம்மின் சுருக்கென்ற பிடிப்புக்குப் பதிலாகச் சர்க்கரையை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கருக்கினேன், கசப்புத் தட்டும்வரை. பொன்ச் பானத்தில் முட்டை, பால், ஜாதிக்காய், எலுமிச்சைத் தோல் இவ்வளவுதான். வாசனைக்குச் சொட்டும் பிட்டர்ஸ் கூட விடவில்லை, அந்தக் குட்டிப் பாட்டிலிலும் சாராயம்தானே இருக்கிறது. ரெண்டு சொட்டுல என்ன ஆகிவிடப் போகிறது என்றார் உன் அப்பா. ரெண்டு சொட்டுதானே, இல்லாவிட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்றேன் நான்.

மெர்லின் கேக்கை ருசி பார்க்க வந்தாள், நான் கூப்பிடவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அண்ணி, இது கேக்கா, கோயில்ல நற்கருணைக்குக் குடுக்குற ரொட்டியா" என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை, "ஒருத்தன் குடிக்கத் தெரியாம கெட்டுப்போனான்னு வர்றவங்க எல்லாரும் தாகத்தோட திரும்பிப் போகணுமா" என்றாள். கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். "அவன் கெட்டுப்போகல மெர்லின், விழுந்த இடத்துலேருந்து எழுந்து நிக்கிறான். உங்க ஒருத்தருக்கும் அந்தத் தெம்பு கிடையாது. இந்தக் கேக்கு வேணும்னா சாப்பிடு, வேணாம்னா தட்டைக் கழுவி வச்சிட்டுப் போ" என்றேன். தட்டைக் கழுவாமல்தான் போனாள்.

உன் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பராங் கோஷ்டி வாசலில் வந்து பாடினால் ரம் கொடுத்து வரவேற்காத வீடு இந்த மலையில் உண்டா, நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களோட போய் வாசிப்பேன் என்று கேட்டுவிட்டு, பிறகு என்னோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார். நானும் பேசவில்லை. சோளமாவுக்குள் கறி வைத்து வாழையிலையில் பஸ்தேல் மடித்தேன், பன்றித் தொடையை அடுப்பில் ஏற்றினேன், சோரல் பூவை இஞ்சியோடு கொதிக்கவைத்து வடிகட்டிக் குளிரவைத்தேன், இரத்தச் சிவப்பில் அவ்வளவு அழகாக இருந்தது.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் கோஷ்டி வந்தது, உன் பெரியப்பா ஹோரஸ் முன்னால் நின்று பாடினார், உன் அப்பா அவர்களோடுதான் நின்று குவாத்ரோ வாசித்தார். பாட்டு முடிந்ததும் கதவைத் திறந்து, வாங்க, சாப்பாடு இருக்கு, சோரல் இருக்கு, ரம் மட்டும் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். ஹோரஸ் சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, "உன்கிட்ட இல்லேன்னா என்ன யூலாலி, நான் கொண்டாந்திருக்கேன்" என்று படியில் கால் வைத்தார். நான் வாசலை விட்டு நகரவில்லை. அது உள்ள வராது என்றேன். "இது என் தம்பி வீடு, என்னைத் தடுக்க நீ யாரு" என்றார் அவர். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து உன் அப்பா, அத்தனை நாளாக என்னோடு பேசாத மனுஷன், "அண்ணே, பாடணும்னா உள்ள வா, குடிக்கணும்னா கீழ கடை இருக்கு. இது என் மகன் வீடும்தான்" என்றார். ஹோரஸ் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி இறங்கிப் போனார், பாதிப் பேர் அவர் பின்னாலேயே போனார்கள். மற்றவர்கள் உள்ளே வந்தார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் முகம் பார்க்கக் கூச்சப்பட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சுரத்தில்லாமல் பாடினார்கள், பஸ்தேல் வயிற்றுக்குள் போனதும் குரல் வந்துவிட்டது.

உன் அப்பா மாறிவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே, அடுத்த வீட்டில் குடித்துவிட்டுத்தான் வந்தார், ஆனால் இங்கே இல்லை. ஹோரஸ் இன்னும் பேசவில்லை. மெர்லின் கோயிலில் எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறாள். உட்காரட்டும்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். கோஷ்டியில் மரக்காஸ் கிலுகிலுப்பையைக் குலுக்குவாரே இக்னாசியோ, தபாலாபீஸ்காரர், உனக்குத் தெரியும், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் பாடிக்கொண்டிருக்கும்போது சமையலறைக்கு வந்து இன்னொரு கிளாஸ் சோரல் கேட்டார். ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் காலிக் கிளாஸை என் முன்னால் வைத்தார். அப்புறம் மெதுவாக, "அக்கா, நான் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, யாருக்கும் தெரியாது. போற வீட்டுல எல்லாம் குடுக்கறதை வாங்கி, ஒருத்தரும் பாக்காதப்ப பூந்தொட்டியில ஊத்திக்கிட்டு இருக்கேன். இங்கதான் முதல் தடவையா கிளாஸைக் காலி பண்ணேன்" என்றார். அடுத்த வருஷமும் இப்படித்தான் வைப்பீங்களா என்று கேட்டார். வைப்பேன் என்றேன். உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன் பார்.

ராம்தீன் மகள் லீவு முடிந்து டொராண்டோவுக்குத் திரும்பிப் போகிறாள், அவளிடம் கேக் கொடுத்தனுப்புகிறேன். பழைய கேக் மாதிரி மாசக்கணக்கில் தாங்காது, பிரிட்ஜில் வை, அழகு பார்த்துக்கொண்டிருக்காமல் சாப்பிட்டுவிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. குடியை விட்டவர்கள் கூடும் உன் கூட்டத்துக்குப் போவதை வேலை இருக்கிறது என்று ஒருநாளும் விடாதே. கர்த்தர் உன் வழியெல்லாம் துணை நிற்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் நன்றாக வரட்டும். வா என்று நான் வற்புறுத்தவில்லை. வந்தால் யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் போதும்.

என்றும் உன் அம்மா,
யூலாலி