மேலாளருக்கு வழி கிடைக்கவில்லை

குமாசி,
ஞாயிறு காலை

என் தங்க மகள் அஃப்ரியேவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மா நலம், கோழிகள் நலம், உன் மேலாளர் அம்பொன்சாவும் நலம். ஆமாம், சரியாகத்தான் படித்தாய். அவர் நம் வீட்டுக் கூடத்தில், என் பழைய துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு மக்காச்சோளக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துத் தொண்டையே கட்டிவிட்டது. போனில் சொல்லலாம் என்றால், வேலை முடியும்வரை உங்கள் போன்களையெல்லாம் அவர் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாராமே. நேற்று அவரே ஆபீஸ் போனுக்கு அடித்து அடித்துப் பார்த்தார், நீ எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அதைத் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டமாம். அப்போது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்!

முதலிலிருந்து சொல்கிறேன். நேற்று பெரிய மாமாவின் இறுதிச் சடங்கு. தாய்மாமன் சாவுக்கு மருமகள் வராமல் இருப்பாளா என்று உன் நாற்காலியைக் காலியாகவே வைத்து, அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் ஒரு பஸ் வந்து நின்றது. கறுப்புத் துணி உடுத்திய கூட்டம் ஒன்று மலர் வளையத்தோடு இறங்கியது, முன்னால் உன் மேலாளர். ஊழியர் வீட்டில் சாவு என்றால் மேலாளர் ஆளோடு போய் நிற்பது கம்பெனி வழக்கமாம். முறைப்படி வலது பக்கத்திலிருந்து எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தோம். நம் குடும்பத்துக்காகப் பேசும் ஆன்ட்வி எழுந்து, வந்த காரியம் என்ன என்று கேட்டார். அம்பொன்சாவும் மைக்கை வாங்கிக்கொண்டு, "எங்க அஃப்ரியேவோட மாமா தவறிட்டாருன்னு கேட்டதும் எங்களுக்குச் சோறு எறங்கல, அவ துக்கம் எங்க துக்கம்" என்று உருகினார். ஆன்ட்வி தலையாட்டினார். "ரொம்ப நல்லதுங்க. எங்க பொண்ணு எங்க, பஸ்ஸுல தூங்குறாளா?" என்றார்.

அம்பொன்சா பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார், நீ அதிலிருந்து முளைத்து வந்துவிடுவாய் என்பதைப் போல. பிறகு தொண்டையைக் கனைத்து, "கொஞ்சம் வேலை..." என்று இழுத்தார். உன் பக்கத்து மேசை டெலாலி எழுந்தாள் பார், அந்தப் பெண்ணுக்கு நான் கோயில் கட்டுவேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள காலாண்டுக் கணக்கு முடிக்கச் சொல்லி அவள உக்கார வெச்சிட்டு வந்திருக்காரு. ஒரே ஒரு நாள் லீவு கேட்டதுக்கு, செத்தவர் என்ன ஓடியா போயிடுவாருன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு" என்றாள். மைக் அவர் கையில் அணைக்காமலேயே இருந்தது, அஃப்ரியே! தெரு முழுக்க ஒலிபெருக்கி. இடுகாடுவரை கேட்டிருக்கும், மாமாவும் எழுந்து உட்கார்ந்திருப்பார். அம்மா எழுந்து போட்ட சத்தத்தில் மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள்.

யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவுமில்லை, அம்மாவைத் தவிர. அவருடைய மொய்யை மட்டும் ஆன்ட்வி மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். மாலையில் உன் ஆபீஸ்காரர்கள் எழுந்து, புறப்பட உத்தரவு வேண்டி முறைப்படி வழி கேட்டார்கள், கொடுத்தோம். அம்பொன்சாவும் எழுந்து, "பெரியவங்க எனக்கும் வழி கொடுக்கணும்" என்றார். ஆன்ட்வி சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு இல்லீங்க. எங்க பொண்ணுக்கு நீங்க வழி கொடுக்கல, அவ வந்து சேரட்டும்" என்றார். மறுபடி கேட்டார், இல்லை. கெஞ்சினார், அப்போதும் இல்லை. வேற்று ஊர்க்காரராக இருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பார். இவர் நம் பக்கத்து மாம்போங்கில் பிறந்தவர், வழி வாங்காமல் சாவு வீட்டைவிட்டுப் போனவன் என்று தன் தாய் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? அப்படியே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். டிரைவரும் மற்றவர்களும் நம் தெருவிலேயே படுத்துக்கொண்டார்கள், இப்போது கிளம்பப் போகிறார்கள்.

ராத்திரி அவர் போன் ஓயாமல் அடித்தது, தலைமை அலுவலகமாம். ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று "எஸ் சார், எஸ் சார்" என்று சுவருக்குக் குனிந்தார். கடைசியில் அம்மா போனைப் பிடுங்கி, "இவரு சாவு வீட்டுல இருக்காரு, உங்களுக்கு வீடு வாசல் இல்லையா?" என்று கேட்டு அணைத்துவிட்டாள். அதன்பிறகு மனுஷன் தூங்கினார் பார், அப்படி ஒரு குறட்டை. "இதுவும் யாரோ பெத்த புள்ளதானே" என்று போர்வை போர்த்திவிட்டதும் உன் அம்மாதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம் நீ நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் மயங்கி விழுந்தாயாம், டெலாலி சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்ப உட்கார்ந்தாயாம். எங்களுக்கு மட்டும் "நல்லா இருக்கேன்பா" என்று சொன்னாய். வேலை போனால் வேறு வேலை தேடலாம், உன்னை நான் எங்கே போய்த் தேடுவேன்? அம்பொன்சாவிடமும் இதையேதான் கேட்டேன். அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு தானாகவே மேசைச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சாவி இந்த உறைக்குள்தான் இருக்கிறது, டெலாலியிடம் கொடுத்து அனுப்புகிறேன். போன்களை எடுத்து அவரவருக்குக் கொடு, கணினியை அணை. பஸ் கீழே உனக்காகத்தான் நிற்கும், அவரே டிரைவரிடம் சொல்லிவிட்டார். வழியில் வாழைக்காய்ச் சிப்ஸால் மட்டும் வயிற்றை ரொப்பாதே, அம்மா நிலக்கடலைக் குழம்பு வைத்திருக்கிறாள்.

நம் முன்னோர் உன் பக்கம் நிற்கட்டும், உடம்பும் மனசும் குறையில்லாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். முக்கியமானதை மறந்துவிட்டேனே. அம்பொன்சாவுக்கு வழி கொடுக்க வேண்டியது நீதான் என்று குடும்பம் கூடி முடிவு செய்துவிட்டது. அவசரமே இல்லை மகளே. வந்து குளி, சாப்பிடு, மாமாவுக்காக ஒரு பாட்டம் அழு, போதும் போதும் என்கிறவரை தூங்கு. எழுந்த பிறகு கொடுத்துக்கொள்ளலாம், அவர் காத்திருப்பார்.

வாசலிலேயே நிற்கும்,
உன் அப்பா