சத்தம் போடாத பை

மச்சான்,

மகாராணி செத்த வருசம் அது. எங்கள் மனோர் பார்க் ரயிலுக்கு அவவின் பெயரை வைத்ததும் அந்த வருசம்தான். கோடையில் ஒருநாளும் காணாத வெயில் எறித்து, பார்க்கில் புல்லெல்லாம் வைக்கோலாய்ப் போனது. எனக்கு வருசத்தை இலக்கத்தில் வைத்திருக்கத் தெரியாது, இப்படித்தான் வைத்திருக்கிறேன். அந்த வருசம் ஐப்பசியில் நீ வாங்கின முதுகுப்பை, இன்றைக்குக் காலையில் என் தையல் மெசினுக்கு மேல் வந்து கிடக்கிறது.

பையின் வாயைத் திறந்து பார்த்தேன். ஈர மண் மணம் இன்னும் போகவில்லை. அதுக்குக் கீழே பழைய கொழுப்பு மணம், மானுடையது. உன் மகள் ஜெனிற்றா, நீ விழுந்த அந்த ஸ்கொட்லாந்து மலையில் இந்த மாதக் கடைசியில் ஏறப் போகிறாளாம். "அப்பாவின்ர பையோடதான் போவன்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். நெஞ்சுப்பட்டி அறுந்து கிடக்கிறது, தைத்துத் தரட்டாம்.

இது ஆத்துமாக்களின் மாதம். செத்தவர்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பீடத்தடிப் பெட்டியில் போடச் சொல்லிக் கோயிலில் கடதாசி கொடுத்திருக்கிறார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் வாய்க்கு வந்தபடி சொல்ல, எழுதுகிற ஆள் அதைச் சீராக்கி எழுதுகிறது. ஆரென்று கடைசியில் சொல்கிறேன். உன் மனுசிக்குச் சொல்லாத ஒரு விசயம் மூன்று வருசமாய் என் தொண்டையில் கிடக்கிறது. இன்றைக்கு அதை இறக்க வேண்டும்.

நீ அப்போது அறுபத்தெட்டைத் தாண்டிவிட்டாய். இறைச்சிச் சந்தையில் உன்னோடு வேலை செய்த ஸ்கொட்லாந்துக்காரன், மலையில் மான்களைச் சுட்டுத் தொகை குறைக்கிற காலம் வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னான். துவக்கு அவனுடையது, அனுமதியும் அவனுடையது. உனக்கென்று கொண்டுபோக இருந்தது பை ஒன்றுதான். அதனால்தான் அந்தப் பையில் அவ்வளவு பைத்தியம் உனக்கு. வண்டி வராத இடம், வெட்டின இறைச்சியை முதுகில்தான் இறக்க வேண்டும். உன் முழங்காலுக்குப் பை பஞ்சு மாதிரி இருக்க வேண்டும் என்றாய்.

கடையில் மூன்று பைகளைத் தோளில் போட்டுப் பார்த்தாய். முதலாவது பச்சை, ஆமிக்காரன் பை மாதிரி, வெறும் பையே ஒரு பிள்ளைப் பாரம். இரண்டாவதைத் தூக்கினால் கடதாசி. அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றாய்.

"இதுக்கு முதுகெலும்பில்லை மச்சான்" என்றேன். "இருவது கிலோ இறைச்சி ஏறினா சாக்கு மாதிரித் தொங்கும். உன்ர இடுப்பு நாரி போகும்."

"அப்ப மற்றதைத் தூக்கிப் பார். நிறையெல்லோ."

மூன்றாவது சாம்பல் நிறம். முதுகுப் பக்கத்தில் இரண்டு அலுமினியத் தடி, இடுப்பில் அகலப் பட்டி. "இதை எடு. நிறையை நான் வெட்டித் தாறன்" என்றேன். முப்பது வருசம் தொழிற்சாலையில் பை தைத்த கை. எங்கே வெட்டினால் பை சாகும், எங்கே வெட்டினால் சாகாது என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பையில் தொங்கின துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உன்னைக் கேட்டேன். நீ அதை வாசிக்காமல், கடையில் நின்ற தமிழ்ப் பிள்ளையிடம் திரும்பி, "இவருக்கு எழுத்தெண்டால் ஆகாது பிள்ளை. கையிலை கத்திரிக்கோல் கிடைச்சா முதல்லை எழுத்தைத்தான் வெட்டுவார்" என்றாய். அந்தப் பிள்ளை சிரித்தது. நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். உனக்குத் தெரியாது மச்சான், அந்தச் சிரிப்பு பஸ்ஸில் முழு வழியும் என்னைக் குத்திக்கொண்டு வந்தது.

அடுத்த நாள் மெசினைத் தூக்கிக்கொண்டு குட்மேய்ஸில் உன் வீட்டுக்கு வந்தேன். குசினித் தராசை மேசையில் வைத்து, வெட்டுகிற ஒவ்வொரு துண்டையும் நீ நிறுத்துப் பார்த்தாய். பக்கப் பொக்கற்றுகள் போயின. மிஞ்சித் தொங்கின வார்கள் எல்லாம் அரை அரையாய்ப் போயின. தடிக்கும் பைக்கும் நடுவில் ஒரு தொட்டில் மாதிரித் துணி வைத்துத் தைத்தேன், இறைச்சி அதில் இருந்தால் இரத்தம் உடுப்பில் படாது, பாரமும் முதுகோடு ஒட்டி நிற்கும். அந்தத் தொட்டிலை இன்றைக்கும் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் விடவில்லை.

பிறகு சத்தம். வன்னியில் நீ, நான், செபமாலை அண்ணை மூன்றுபேரும் வேட்டைக்குக் காட்டுக்குள் இறங்க முதல் செய்கிற காரியம் உனக்கு நினைவிருக்கும். ஒவ்வொருவராய் நின்ற இடத்தில் மூன்று தரம் குதிக்க வேண்டும். மற்ற இரண்டுபேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். சில்லறை கிலுங்கினால், கத்தி உரசினால், அதைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பக் குதிக்க வேண்டும். சத்தம் போடுகிறவனைக் கரடி முதலில் கேட்கும், மான் அதுக்கும் முதலில் கேட்கும் என்பார் செபமாலை அண்ணை.

உன் வீட்டு ஹோலில் பையைப் போட்டுக்கொண்டு குதித்தாய். நானும் செபமாலை அண்ணையும் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தோம். உன் மனுசி கரண்டியோடு வந்து நின்றா.

"அலுமாரிக்குள்ள கோப்பையெல்லாம் ஆடுது! பேரப்பிள்ளை காணுற வயசிலை என்ன கூத்து இது?"

"கொஞ்சம் பேசாமல் நில்லு பிள்ளை" என்றார் செபமாலை அண்ணை, கண்ணைத் திறக்காமலே. "ஒண்டும் கேக்கேலாமல் கிடக்கு."

"கேக்கிறதுக்கு என்ன கிடக்கு? முழங்கால் முறியிற சத்தம்தான் கேக்கும்."

எழுதுகிற ஆள் இந்த இடத்தில் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

முதல் குதியில் பை திறக்கிற சிப்பின் இரும்பு நாக்கு கிலுங்கியது. எடுத்துவிட்டுக் கயிறு போட்டேன். இரண்டாவதில் பையின் நைலோன் துணி உன் கையில் உரசிச் சரசரத்தது. உன் பழைய கம்பளிக் கோட்டை வெட்டி அந்தப் பக்கம் மூடித் தைத்தேன். மூன்றாவதில் நெஞ்சுப்பட்டி. அதைப் பூட்டுகிற பக்கிள் செம்மஞ்சள் பிளாஸ்ரிக், நீ குதிக்கக் குதிக்க டக், டக் என்றது. வாங்கிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் சின்னக் கீறலாய் ஒரு ஓட்டை. மழைத் தண்ணி வடிய வைத்தது என்று நினைத்து வெட்டி எடுத்தேன். அதே கோட்டின் மரப் பொத்தானை அந்த இடத்தில் வைத்துத் தைத்தேன். கடைசியாய்ப் பையின் மூடி. அதன் உள்பக்கத்தில் செம்மஞ்சளில் ஒரு துண்டு தைத்திருந்தது. நிறைய எழுத்து, சின்னச் சின்னப் படம்.

நீ குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாய். "இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நாற்பது வருசமாய் பஸ் நம்பர், மருந்துப் போத்தல், கவுன்சில் கடிதம் எல்லாம் உன்னைக் கேட்டவன்தானே நான். அன்றைக்குக் கேட்கவில்லை. முதல் நாள் சிரிப்பு தடுத்தது. மூடியோடு சேர்த்து அந்த எழுத்தையும் வெட்டி மடித்து என் பொத்தான் தகரப் பேணிக்குள் போட்டேன். நீ திரும்பி வந்து நிறுத்துப் பார்த்து, "அரைவாசி குறைஞ்சு போச்சு, மச்சான்!" என்று என் தோளில் அடித்தாய். திரும்பக் குதித்தாய். ஒரு சத்தமும் இல்லை.

மலைக்கு நான் வரவில்லை. செபமாலை அண்ணை சமைக்கிற ஆளாய் வந்து, கீழே வண்டியடியில் நின்றார். மீதியை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மான் விழுந்தது. பாதி இறைச்சியை ஸ்கொட்லாந்துக்காரன் முதலில் இறக்கினான், திரும்பி வருமட்டும் அசையாமல் நில் என்று உனக்குச் சொல்லிவிட்டு. பனிப்புகார் வந்து மூடியது. குளிர் தாங்காமல் நீ பாரத்தோடு இறங்கத் தொடங்கி, கல்லில் சறுக்கி, ஒரு ஓடைக்குள் விழுந்தாய். கால் முறிந்தது. தேடின ஆட்கள் இரண்டு தரம் உனக்கு மேலே போனார்கள். அவர்களின் குரல் உனக்குக் கேட்டது. உன் குரலைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. அடுத்த நாள் விடிந்த பிறகுதான் உன்னைக் கண்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் நாலாம் நாள் வந்தேன். செபமாலை அண்ணை என்னை வாசலிலேயே மறித்தார். உன்னைத் தேடி எடுத்தவர்களில் ஒருவன் வந்து, "இந்தச் சாதிப் பையிலை நெஞ்சுப் பக்கிள்தானே விசில். ஆறு தரம் ஊதச் சொல்லி மூடிக்குள்ளேயே எழுதியிருக்குமே. ஏன் ஊதேல்லை?" என்று கேட்டானாம். நீ அவனைப் பார்த்து, "வழியிலை எங்கையோ கழண்டு விழுந்திட்டுது" என்றாயாம்.

"கேட்டவனிட்டை அவன் உன்ர பேரை எடுக்கேல்லை" என்றார் செபமாலை அண்ணை. "நீயும் வாயைத் திறவாதை. அந்தப் பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம்." அந்தப் பிள்ளை என்றது உன் மனுசியை.

உள்ளே வந்தேன். மூச்சுக் குழாயை ஒரு கையால் விலக்கிக்கொண்டு நீ சொன்ன சொல் இது: "பை நல்லாத்தான் இருந்தது மச்சான். நாரி நோகவே இல்லை." நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். நெஞ்சில் சளி கட்டி, ஒன்பதாம் நாள் நீ போனாய்.

இவ்வளவும் சொல்லும்போது எழுதுகிற கை நின்றுவிட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீழே குனிந்து பொத்தான் பேணியை எடுத்துக் கவிழ்த்தேன். மூடித் துண்டு கிடந்தது. அந்தச் செம்மஞ்சள் பக்கிளும் கிடந்தது. மூன்று வருசத்தில் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. வாயில் வைத்து ஊதினேன். இந்தச் சின்னச் சாமானுக்குள் அவ்வளவு சத்தம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, மச்சான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சுவருக்கு அங்கால் ஆரோ "என்ன, என்ன?" என்று கேட்டார்கள். ஒரு தரம் ஊதியதுக்கே ஆள் வந்தது.

மரப் பொத்தானைப் பிரித்துவிட்டுப் பக்கிளைத் திரும்ப வைத்து மூன்று தையல் போட்டேன். மூடியையும் அந்த எழுத்தோடு பொருத்தினேன். அந்தக் கம்பளிப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது உன்னுடையது. பையைத் தோளில் போட்டு எழும்பி நின்றேன். குதிக்க என் காலுக்கு ஏலாது, கொஞ்சம் ஆடினேன். டக், டக் என்றது. இருக்கட்டும்.

அப்போதுதான் மேசைக்கு அங்காலிருந்து குரல் வந்தது. "மூடிக்குள்ள கிடந்த எழுத்தை இப்ப வாசிச்சுக் காட்டட்டோ, அண்ணை?" கோபமா, அழுகையா, எனக்குப் பிடிபடவில்லை. "ஓம், வாசி" என்றேன். வாசித்தா. ஒவ்வொரு சொல்லாய், கடைசிவரை வாசித்தா. பிறகு பேனையை எடுத்து, "சொல்லுங்கோ, எழுதுறன்" என்றா.

இனி இதுதான் என்னோடு கிடக்கும்: நீ எனக்காகச் சொன்ன பொய்யும், நான் உன்னைக் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வியும். போன மாசியில் செபமாலை அண்ணையும் போய்ச் சேர்ந்தார். உன்னையும் அவரையும் நான் சொல்வதைக் கேட்க வைக்க இனி எனக்கு வழியில்லை. நான் பதில் சொல்ல வேண்டியவர்களில் உயிரோடு மிச்சம் ஒரே ஒரு ஆள். பையை இன்றைக்குக் காலையில் கொண்டுவந்து தந்ததும் அந்த ஆள்தான். "உங்கட கடிதத்தை நான் எழுதித் தாறன்" என்று சொன்னதும் அந்த ஆள்தான். என் முன்னால் இருந்து இந்தச் சொல்லையும் எழுதுகிறா, உன் மனுசி பிலோமினா.