அண்ணனின் ஒரே படம்

12-8-1983, வெள்ளி

மனசு அடங்கவில்லை. இன்று அம்மாவை அரியலூருக்கு அழைத்துப்போனேன். பொதுக்கிணற்றில் தண்ணீர் இறைத்ததற்காக அண்ணனை அடித்துக் கொன்றார்கள். அப்போது நான் சின்னப் பெண். அந்த வழக்கின் ஃபைலைப் பார்க்க, மனு மேல் மனு போட்டு இப்போதுதான் அனுமதி கிடைத்தது.

ரெக்கார்டு ரூமில் கிளார்க் கட்டை அவிழ்த்துக் கொடுத்தார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். குற்றவாளிகள் யாரெனத் தெரியவில்லை, வழக்கு முடிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது.

"தெரியலையாமா? அன்னைக்கே ஸ்டேஷன்ல ஒவ்வொருத்தன் பேரையும் சொன்னேனேடி" என்றாள் அம்மா.

அவள் சொன்னது எந்தத் தாளிலும் இல்லை. அவள் பேர் சொன்னவர்களில் ஒருவர் இன்று காலையில் எங்களோடு அதே பஸ்ஸில்தான் வந்தார்.

கடைசித் தாளில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. கிணற்றடியில் கிடந்த அண்ணன். சட்டென்று மூடப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், எங்க வூட்டுல இவன் படம் ஒண்ணுகூட இல்லீங்க. இதக் குடுத்துடுங்க."

"அரசாங்க ரெக்கார்டும்மா. குடுக்க முடியாது" என்றார் கிளார்க்.

அம்மா, படத்தில் கழுத்துக்குக் கீழே இருந்த ரத்தத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆபீஸ் மூடும் நேரமாகியும் கிளார்க் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"மீசை விட்டிருந்தான்டி. நான் மறந்தே போயிட்டேன்."