கச்சாலிலிருந்து வந்த புட்டி

செவ்வாய், இரவு.

எழுத்தே தெரியாத வீட்டில் பிறந்தவள் நாட்குறிப்பு எழுதுவது கொஞ்சம் அதிகப்படிதான். மன்னிக்கவும், தூக்கம் வரவில்லை.

நேற்று கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து முருகையா அண்ணன் கப்பலில் எங்கள் மருத்துவமனைக்கு வந்தார். அங்கே அவர் மனைவி ராசாத்தியின் மார்புக் கட்டியிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு அவர் கொண்டுவந்த புட்டியில் இருந்தது. என் புற்றுநோய் ஆய்வுக்கு இன்னொன்று கிடைத்தது என்றுதான் முதலில் மகிழ்ந்தேன். திறந்ததும் அழுகல் நாற்றம்.

"சதை அழுகாம இருக்க இதுல ஊத்தியிருந்த மருந்து எங்கண்ணே?"

"கண்ணு எரியுது, 'பாஹர் ஃபேங்க் தோ', வெளிய கொட்டுன்னு கப்பல்ல பக்கத்து ஆளு இந்தியில கத்தினாருங்க டாக்டரம்மா. கொட்டிட்டு, காய்ச்சி ஆறின தண்ணி ஊத்தினேன். சுத்தமாத்தான் இருக்கு."

இன்று நுண்ணோக்கியில் பார்த்தேன். செல்கள் கரைந்து போயிருந்தன. நோய் உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளியே வந்ததும், வராந்தாவில் காத்திருந்த முருகையா அண்ணன் எழுந்து நின்றார். "நல்ல சேதிதானேங்க? நாளைக்கு ஊருக்குத் திரும்பக் கப்பல்."

"காலைல சொல்றேண்ணே."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவர் சிரித்த முகத்தைப் பார்த்து எனக்கு மனம் வரவில்லை.

ராசாத்தி அக்கா, உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. அவரைத் திட்டாதீர்கள். வலிக்கும்தான், ஆனாலும் இன்னொரு முறை எடுக்கச் சம்மதியுங்கள். இந்தத் தடவை இங்கேயே வந்துவிடுங்கள், அக்கா.